நைனாவின் தாடை எங்கே?

1

பூனையின் மூக்கு சித்துவின் கன்னத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சித்து என் அக்கா மகன். அப்போது அவனுக்கு எட்டு மாதம். அக்கா லாவண்யா தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரப் புத்தூரில் இருக்கிறாள். நான் பின்லாந்தில், வரைபடத்தில் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தால் வருகிற ஓலு என்ற ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வீடியோ கால். அன்றைக்குப் பக்கத்து நகரியிலிருந்து அம்மாவும், நாங்கள் நைனா என்று கூப்பிடுகிற அப்பாவும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் பாபு மாமா, குழந்தையைச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று போனில் ஒரு வேடிக்கையைப் போட்டார். முகத்தைக் காட்டினால் பூனைக் காது, பூனை மூக்கு, மீசை எல்லாம் முளைக்கும்.

மாமாவுக்குச் சரியாக முளைத்தது. அக்காவுக்கும் முளைத்தது. சித்துவுக்கு மட்டும் மூக்கு இடது கன்னத்தில் முளைத்தது. அங்கே அக்கா ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தாள், பழைய நாலணா அகலத்துக்கு, நல்ல கருப்பில். சரியாக அதன் மேல் பூனை மூக்கு.

"ஐய, இன்னாடி இது! கொழந்தைக்கு மூக்கு கன்னத்துல வந்துக்குது!" என்றாள் அம்மா.

"பொட்டு வேல செய்து அத்த. கண்ணு வெக்க வந்தவன் பூனையப் பாத்துட்டு ஓடிடுவான்" என்றார் மாமா.

"போன மொதல்ல ஆஃப் பண்ணு மாப்ள, புள்ள பயந்துக்கும்" என்று நைனா கத்தினார். நைனா எதையும் கத்தித்தான் சொல்வார். நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, தறி ஓடாத வீட்டிலும் அதே சுருதி.

அன்றைக்கு அவரை விடச் சத்தமாகக் கத்தியது நான்தான். "யாரும் அசையாதீங்க! அக்கா, பொட்ட அழிக்காத! அப்டியே புடிச்சிக்கினு இரு!"

"ஏன்டி, உனக்கு இன்னா ஆச்சி?" என்றாள் அக்கா.

ஆனது இதுதான். போன், படத்தை மட்டும் பார்க்கிறது. படத்தில் கருப்பாக வட்டமாக ஒன்று தெரிந்தால் அதை மூக்குத் துவாரம் என்று நம்பிவிடுகிறது. ஆனால் கன்னத்தில் மேடு இல்லையே! தூரத்தையும் அளக்கிற ஒரு கண் அதற்கு இருந்திருந்தால், "இங்கே மூக்கு இல்லை, சும்மா சப்பையாக ஒரு பொட்டு இருக்கிறது" என்று சொல்லியிருக்கும். நிறத்தைப் பார்க்க ஒரு கண், மேடு பள்ளம் பார்க்க இன்னொரு கண். இரண்டும் சேர்ந்தால் சித்துவின் மூக்கு சித்துவிடமே இருக்கும்.

2

நான் ஓலு வந்து நேற்றோடு ஒரு வருடம். இங்கே நான் செய்கிற வேலையை ஊரில் யார் கேட்டாலும் அம்மா "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் இரவில் மூக்கோடும் வாயோடும் ஒரு முகமூடி மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். அது முகத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று ஒழுகும். பொருந்த வேண்டும் என்றால் மூக்குத் தண்டு, மூக்கு நுனி, வாயின் ஓரங்கள், தாடை நுனி எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். டேப் வைத்து அளந்தால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் கேமரா முன்னால் உட்காரவைத்து, கம்ப்யூட்டரே முகத்தில் இருபத்திரண்டு புள்ளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும். கேமராவில் இரண்டு கண்கள். ஒன்று சாதாரணப் படம் எடுக்கும். இன்னொன்று நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை முகத்தில் வீசி, ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும்.

இதை நான் முதன்முதலாக விளக்கியபோது நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூக்கு எங்க கீதுன்னு கண்டுபுடிக்க பின்லாந்து வரைக்கும் போவணுமா? கண்ணாடியப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார். குறட்டையில் தறியையே தோற்கடிக்கிற மனிதர் அவர். அந்த முகமூடிக்கு முதல் வாடிக்கையாளராக வர வேண்டியவர்.

எனக்கு வழிகாட்டி கைசா என்ற அம்மையார். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் மாதம் முழுக்க "மேடம்" என்று கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூனைக் கதையைச் சொன்னதும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்லாந்தில் அது நல்ல அறிகுறி.

பிறகு சொன்னார்: "நம்மிடம் இருக்கும் முகங்களில் ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. உன் ஊர் முகங்கள் வேண்டும். மார்ச்சில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் காட்டுகிற ஆளை உட்காரவைத்து, கண்ணெதிரே வேலை செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் திட்டம் அதோடு நின்றுவிடும்."

திட்டம் நின்றால் என் வேலை நிற்கும். வேலை நின்றால் இங்கே தங்குவதற்கான அட்டையும் நின்றுபோகும். ஆக, ஓலுவில் நான் இருப்பதா வேண்டாமா என்பது ஒரு மூக்கைச் சரியான இடத்தில் வைப்பதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

3

அந்த அட்டைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அட்டையைப் புதுப்பிக்கப் படம் வேண்டும். படம் எடுக்க ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் இயந்திரமே எடுத்து, இயந்திரமே சரிபார்த்து, இயந்திரமே நிராகரிக்கும். என்னை ஆறு முறை நிராகரித்தது. என் மூக்குத்திக் கல்லில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதாம்.

"கழற்றிவிட்டு எடுங்களேன்" என்றார் அலுவலகப் பெண்மணி.

கழற்றுவதா! அது நகரி ஆசாரி திருகு முடுக்கியது. கழற்ற சோப்புத் தண்ணீரும் இரண்டு ஆட்களும் ஒரு அழுகையும் வேண்டும். அதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது? "சரி" என்று நம் ஊர்ப் பாணியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். "அது ஆமாவா, இல்லையா?" என்று அவர் கேட்டார். எனக்கே தெரியவில்லை. கடைசியில் பையில் இருந்த முகப்பவுடரைக் கல் மேல் ஒரு சிட்டிகை அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. மூக்கில் மாவு ஒட்டிய முகத்தோடு இரண்டு வருடத்துக்கு ஒரு அட்டை கிடைத்தது. வேலை இருக்கும் வரைதான் அது செல்லும் என்று அதன் பின்னாலேயே போட்டிருந்தது.

4

பொங்கல் முடிந்ததும் இரண்டு வார விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பையில் கையடக்கக் கேமரா ஒன்று. வருவதற்கு முன்பே அம்மாவிடம் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். "நாப்பது பேரு மூஞ்சி வேணும்மா. எல்லாரும் மூஞ்சி நல்லா தெரியற மாதிரி வரணும். நெத்தியில முடி வுழக் கூடாது."

அங்கேதான் தப்பு நடந்தது.

புத்தூரில் அக்கா வீட்டு வாசலில் இறங்கினேன். கதவைத் திறந்தது ஒரு மொட்டை. சந்தனம் பூசிய, பளபளக்கும், எனக்கு அறிமுகமில்லாத மொட்டை.

"வா ஹேமா" என்றது மொட்டை. பாபு மாமா!

உள்ளே போனேன். கூடத்தில் வரிசையாக மொட்டைகள். சித்தப்பா, சித்தப்பாவின் இரண்டு மகன்கள், நைனாவின் தறியில் வேலை செய்யும் ஆறு பேர், மாமாவின் அண்ணன் தம்பிகள். நடுவில் மடியில் குட்டி மொட்டையோடு பெரிய மொட்டை. பெரிய மொட்டைக்கு மீசையும் இல்லை. அது "ஏய், வந்துட்டியாமே!" என்று கத்தியபோதுதான் நைனா என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து நைனாவின் மேல் உதட்டை நான் பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா இது?" என்றேன் அம்மாவிடம்.

"நீதானே சொன்ன, நெத்தியில முடி வுழக் கூடாதுன்னு? சித்துக்கு எப்டியும் மொத மொட்ட போடணும். திருமலைக்குப் போனமா, எல்லாத்துக்கும் ஒரே வேலையா முடிச்சிக்கினு வந்துட்டோம். நேத்து சாயங்காலம்தான் எறங்கனோம். பொம்பளைங்க நாங்க மூணு கத்தரி முடி மட்டும் குடுத்தோம். ஆம்பளைங்க பதினேழு பேரு முழுசா. இப்ப மூஞ்சி தெரியுதா இல்லியா?"

தெரிந்தது. தெரிய வேண்டியதற்கு மேலேயே தெரிந்தது. பிரச்சினை என்னவென்றால், கருப்பு முடி அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கிவிடும். தூரம் அளக்கிற படத்தில் முடி இருக்கிற இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். என் நிரல் அந்த ஓட்டையின் ஓரத்தை நெற்றியின் உச்சி என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து கீழே அளந்து இறங்கும். மொட்டைக்கு ஓட்டை ஏது? உச்சந்தலை வரை நெற்றிதான்!

அதற்கு முன் படிவம். ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்காமல் ஒரு முகத்தையும் தொடக் கூடாது என்பது கைசாவின் கண்டிப்பு. மூன்று பக்கம். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. வீட்டில் தமிழ் பேசினாலும் நைனா படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தெலுங்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூன்று பக்கத்தையும் படித்த ஒரே ஆள் அவர்தான்.

"இத்தப் பாரு. எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம வாபஸ் வாங்கிக்கலாம்னு போட்டுக்குது. இன்னாத்த வாபஸ் வாங்கறது?"

"உன் மூஞ்சிய நைனா. நீ வேணாம்னு சொன்னா உன் மூஞ்சி அளவு எல்லாத்தையும் எங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சிடணும்."

"காரணமே சொல்ல வேணாமா?"

"வேணாம்."

"ரொம்ப நல்ல படிவம்மே" என்று கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் அதை உபயோகிக்கவும் தொடங்கினார். "டீல சக்கர கம்மி. என் மூஞ்சிய வாபஸ் வாங்கிக்கறேன்." அக்கா ஒரு ஸ்பூன் போட்டாள். "ஃபேன் இந்தப் பக்கம் திருப்பு. இல்லன்னா வாபஸ்."

கேமரா முன்னால் உட்காரவைத்து "அசையாதீங்க" என்றால் எல்லோரும் "சரி" என்று தலையை ஆட்டினார்கள். அந்த ஆட்டல் நிற்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து முடித்து, நைனாவின் முகத்தைத் திரையில் போட்டேன். உச்சந்தலைக்குக் கிட்டே இரண்டு கண்கள். நெற்றி நடுவில் மூக்கு. நிஜ மூக்கு இருக்கிற இடத்தில் வாய்.

"இது யாரு?" என்றார் நைனா.

"நீதான்."

"வாபஸ்."

முடிக் கணக்கை நிரலிலிருந்து தூக்கினேன். அது அரை நாள் வேலை. அடுத்தது நாமம். திருமலை போய் வந்த சூட்டில் தினம் காலையில் எல்லோர் நெற்றியிலும் பளிச்சென்று நாமம். படம் பார்க்கிற கண், நடுவில் நேராகச் சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் வெள்ளை என்று பார்த்து, அதையே மூக்குத் தண்டு என்று முடிவு கட்டியது. தூரம் அளக்கிற கண், அங்கே சப்பை, மூக்கு கீழே இருக்கிறது என்றது. நான் என்ன செய்தேன்? இரண்டு பதிலையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். மூக்கு நுனி புருவ மத்தியில் வந்து நின்றது.

அம்மாவுக்கு நேர் எதிர். இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஒளி கல்லில் பட்டுத் தெறித்து ஓட, தூரம் அளக்கிற படத்தில் அம்மாவின் முகத்தில் மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு பெரிய பள்ளம்.

"மூக்கு எங்கடி?"

"கல்லு வெளிச்சத்தத் திருப்பி அனுப்பிடுதும்மா. அதுக்கு ஒண்ணும் தெரியல."

அம்மா அந்தப் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தாள். "எங்க அம்மா வூட்டுக் கல்லு அது. அப்டித்தான் இருக்கும். உங்க நைனா வாங்கிக் குடுத்திருந்தா மூக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

"நான் வாபஸ் வாங்கறேன்" என்றார் நைனா, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து.

இந்த அமளியில் சித்து மட்டும் என்னிடம் வரவில்லை. நேரில் என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, என் கன்னங்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஓவென்று அழுதான். எதைத் தேடுகிறான் என்று அக்காவுக்குத்தான் புரிந்தது. "மூணு மாசமா போன்ல அந்த வேடிக்கையப் போட்டுக்கினுதானே நீ பேசற, பூனை மீசையோடவே உன்னப் பாத்துக்கினு கீறான்டி. மீச எங்கன்னு கேக்கறான்." கண் மையால் கன்னத்துக்கு மூன்று கோடு போட்டுக்கொண்டேன். உடனே தாவி வந்தான். அந்த இரண்டு வாரமும் மீசையோடுதான் திரிந்தேன். புத்தூரில் கை கால் உடைந்து கட்டுப் போட வருகிறவர்கள் அதிகம் என்பதால் தெருவில் யாரும் என்னை வினோதமாகப் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆட்டோக்காரர் மட்டும், "தாடையில அடியாம்மா? கட்டுப் போடற எடத்துல வுட்டுட்டா?" என்று கேட்டார்.

5

ஓலுவுக்குத் திரும்ப மூன்று நாள் இருந்தது. நாற்பது முகமும் எடுத்தாகிவிட்டது. ஒன்றிலும் மூக்கு உருப்படியான இடத்தில் இல்லை. அம்மா, நைனா, நான் மூவரும் புத்தூரிலிருந்து நகரி வீட்டுக்குக் கிளம்பினோம். மத்தியான வெயில். மூவர் கையிலும் மூட்டை.

"பஸ்ஸு பெட்ரோல் பங்க்காண்ட நிக்கும்" என்றார் நைனா.

"மார்க்கெட் முனையில நிக்கும்" என்றாள் அம்மா.

"பங்க்குன்றேன்."

"மார்க்கெட்டுன்றேன்."

நான்தான் படித்த பெண் ஆயிற்றே. "சண்ட எதுக்கு? ரெண்டுக்கும் நடுவுல நிப்போம். எங்க நின்னாலும் ஓடிடலாம்."

நடுவில், ஒரு டயர் கடை முன்னால் நின்றோம். பஸ் வந்தது. மார்க்கெட் முனையில் நின்றது. மூட்டையோடு ஓடினோம். நாங்கள் பாதி தூரம் போவதற்குள் கிளம்பி, எங்களைத் தாண்டி, டயர் கடையைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கையும் திரும்பிப் பாராமல் போய்விட்டது. நைனா மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"பாத்தியா? வாராவாரம் பேரனப் பாக்க வந்து போறவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"நான் இந்தப் பக்கம் பஸ்ஸுல வந்து ஆறு வருஷம் ஆவுதுமே. பைக்குலதானே வரேன்" என்றார் நைனா, முதல் முறையாக மெதுவான குரலில்.

எனக்குக் கோபம் வந்தது. "அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா நைனா?"

"நீ கேட்டியா? பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்ட, சொன்னேன். உனக்கு எவ்ளோ நிச்சயமா தெரியும்னு கேட்டியா?"

நான் மூட்டையைக் கீழே போட்டேன்.

இரண்டு கண்ணிடமும் மூக்கு எங்கே என்று மட்டும்தான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு எவ்வளவு நிச்சயம் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அம்மாவின் மூக்குத்தி முன்னால் தூரம் அளக்கிற கண், "எனக்கு இங்கே ஒன்றும் தெரியவில்லை, மற்றவரைக் கேள்" என்று சொல்லியிருக்கும். நாமத்தின் முன்னால் படம் பார்க்கிற கண்ணை, "அங்கே மேடே இல்லையே, இன்னும் நிச்சயமா?" என்று மற்றக் கண் மடக்கியிருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் யாருக்கு நிச்சயம் அதிகமோ அவர் பேச்சைக் கேட்டால் போதும். நடுவில் நிற்கவே கூடாது. நடுவில் டயர் கடைதான் இருக்கும்.

டயர் கடைக்காரர் கொடுத்த பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். அடுத்த பஸ்ஸையும் விட்டோம், இந்த முறை என்னால்.

"இவள வேற ஊருக்கு அனுப்பனதே தப்பு" என்றாள் அம்மா.

"எழுதட்டும் வுடு. என் மூஞ்சி அதுலதான் கீது" என்றார் நைனா.

6

மார்ச். ஓலுவில் ஏரி இன்னும் உறைந்து கல்லாகக் கிடந்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் ஆறடிக்கு மேல் உயரம். வெள்ளைத் தாடி நெஞ்சு வரை.

"முதலில் யார்?" என்றார் தலைவர்.

"அவளே உட்காரட்டும்" என்று குழுவில் இருந்த பெண்மணி என்னைக் காட்டினார். அவர் கண் என் மூக்கின் மேல்தான் இருந்தது.

என் பையில் முகப்பவுடர் டப்பா இருந்தது. ஒரு சிட்டிகை போதும். அட்டைப் படத்துக்கு அப்பியது போல அப்பிக்கொண்டால் கல் மங்கிவிடும், பள்ளம் விழாது, திட்டம் இன்னும் ஒரு வருடம் ஓடுவது நிச்சயம். கையைப் பைக்குள் விட்டேன். டப்பா கையில் தட்டுப்பட்டது. ஆனால் முகமூடி வாங்க வருகிற நம் பெண்கள் எல்லோரும் பவுடர் அப்பிக்கொண்டா வருவார்கள்? அம்மா வந்தால் ஒரு டப்பா பத்தாது. கையை வெறுமனே வெளியே எடுத்து, கேமரா முன்னால் உட்கார்ந்தேன்.

கைசா பொத்தானை அழுத்தினார். தூரம் அளக்கிற படம் முதலில் வந்தது. மூக்கு இருக்கிற இடத்தில் பள்ளம். பெண்மணி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கண் ஓரங்கள், வாய் ஓரங்கள், தாடை. மூக்கு நுனிக்கு மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, டக்கென்று நுனியிலேயே போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நான் எழுதவைத்திருந்த வரி வந்தது: இந்தப் புள்ளி படத்தைக் கேட்டு வைத்தது.

பெண்மணிக்குச் சரியாக விழுந்தது. மூன்றாமவருக்கும் விழுந்தது. கைசா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை அரை அங்குலம் உயர்த்தினார். இங்கே அது கொண்டாட்டம்.

கடைசியாகத் தலைவர் உட்கார்ந்தார். கண், மூக்கு, வாய் எல்லாம் கச்சிதம். தாடைப் புள்ளி மட்டும் கீழே இறங்கி, இறங்கி, அவருடைய சட்டையின் இரண்டாவது பட்டனுக்கு நேராகப் போய் நின்றது. இரண்டு கண்ணும் ஒரே குரலில், "ரொம்ப நிச்சயம்" என்றன.

தலைவர் திரையைப் பார்த்தார். தாடிக்குள் கையை விட்டு, வெகுநேரம் தேடி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். "என்னுடையது இங்கே இருக்கிறது" என்றார். "நானும் முகமூடி போட்டுத்தான் தூங்குகிறேன். இந்தக் கணக்குப்படி செய்தால் அதற்குள் என் சட்டைப் பையும் அடங்கிவிடும்."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்று புரிய நேரமாகிவிட்டது. தாடிக்குள் சிரித்தால் எப்படித் தெரியும்?

வெளியே காத்திருந்து மீண்டும் உள்ளே போனபோது முடிவைச் சொன்னார்கள். இன்னும் ஒரு வருடம். ஆனால் தாடியைத் தீர்த்துக் காட்ட வேண்டும்.

7

தாடியைத் தீர்ப்பது சுலபமில்லை. தாடிக்குள் தாடை எங்கே இருக்கிறது என்று சொல்ல, தாடி இல்லாதபோது அது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். தாடிக்காரர்கள் யாரும் எனக்காக மழித்துக் காட்டப் போவதில்லை. தலைவரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். கைசா என்னை அவசரமாக அறையை விட்டு வெளியே அழைத்துப் போனார்.

அப்போதுதான் உறைத்தது. திருமலையிலிருந்து இறங்கிய மறுநாள், மீசை தாடி எதுவும் இல்லாமல் வழுவழுவென்று எடுத்த பதினேழு முகங்கள் என்னிடம் இருக்கின்றன! அம்மா செய்த தப்பில் பிறந்த பதினேழு தாடைகள். அவர்கள் இப்போது தாடி வளர்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னேன். கேமராவைப் பாபு மாமாவிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், கைசாவின் அனுமதியோடு, அதற்கும் ஒரு படிவம் எழுதிக்கொடுத்து.

"எனக்கு ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க ஹேமா. ஆனா உன் நைனாவக் கேளு" என்றார் மாமா.

"ஒரு வருஷம் வேல நீட்டிச்சிட்டாங்க நைனா. ஆனா இந்த வருஷம் என்னால ஊருக்கு வர முடியாது" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கட்டாயம் வாபஸ் வரும் என்று தெரியும். டீக்குச் சர்க்கரை குறைந்ததற்கே வாபஸ் வாங்கியவர்.

நைனாவின் மொட்டையில் அரை அங்குலம் முடி முளைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டார்.

"மூஞ்சி உங்கிட்டயே இருக்கட்டும்மே" என்றார், கத்தாமல். அப்புறம் கத்தினார்: "தாடி வெக்கறேன்! வேண்டிக்கினே வெக்கறேன்! உன் வேல முடியற வரைக்கும் கத்தி படாது. முடிஞ்சதும் நீ வா. திருமலையில எறக்கிடலாம்."

"மீச போனதே எனக்கு நிம்மதியா இருந்துச்சி" என்றாள் அம்மா. "இப்ப கரடியோட குடித்தனம் பண்ணணுமா?"

"கரடியில்ல அத்த, பூனை" என்றார் மாமா. சித்து போன் திரையைத் தட்டி என் மீசையைத் தேடினான். மையை எடுத்து மூன்று கோடு போட்டுக்கொண்டேன்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் நைனா புத்தூர் வந்து, கேமரா முன்னால் உட்கார்ந்து, தலையை ஆட்டி முடித்து, முகத்தைக் காட்டுவார். திரும்பும்போது மார்க்கெட் முனையில் பஸ் ஏறுவார். அதில் இப்போது அவருக்கும் நிச்சயம். முதல் வாரத் தாடி நேற்று வந்து சேர்ந்தது. இன்னும் முள்ளுமுள்ளாகத்தான் இருக்கிறது, எனக்கு அது போதும். ஜனவரி முகத்தை எடுத்து அதன் அடியில் வைத்து, தாடைப் புள்ளியை முதல் முறையாக வைத்துப் பார்க்கப் போகிறேன். மயிரிழை தப்பினாலும் அடுத்த வாரம் திரும்ப வைப்பேன். ஐம்பது வாரம் இருக்கிறது. தாடிக்குள் எவ்வளவு ஆழத்தில் போனாலும் அவர் தாடையைத் தவறவிடக் கூடாது.